உடைத்துச் சேர்த்த சாளரம்

அருங்காட்சியகங்களின் விற்பனைக்கூடங்களில் ஜிக்ஸா புதிர்ப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும் பகுதியில், மொனேயின் அல்லிக்குளத்துக்கும் வான்கோவின் விண்மீன் இரவுக்கும் பக்கத்தில் ஒரு கட்டடக் கலைஞரின் பெயரையும் காணலாம்: ஃப்ராங்க் லாயிட் ரைட் (1867–1959). பெரும்பாலும் அவர் கட்டிய வீடுகளின் புகைப்படங்கள் அல்ல அவை. சாளரங்களுக்கும் இதழ் அட்டைகளுக்கும் அவர் வரைந்த வட்டங்களும் சதுரங்களும் முக்கோணங்களும்தான் அங்கே துண்டுகளாகிக் கிடக்கின்றன.

நினைவுப்பொருள் வணிகம் என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் ரைட்டின் கலையே துண்டுகளை அடுக்குவதில்தான் தொடங்கியது என்பதால், அப்படித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

1876-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெலின் விளையாட்டுக் கருவிகளைக் கண்ட தம் தாய் அன்னா, அவற்றைத் தமக்கு வாங்கித் தந்ததாக ரைட் 1932-இல் வெளிவந்த சுயசரிதையில் சொல்கிறார். கிண்டர்கார்டன் என்னும் கல்விமுறையைத் தோற்றுவித்த ஃப்ரோபெல், அதற்கு முன்பு பெர்லினில் ஒரு படிகவியல் அறிஞரிடம் உதவியாளராக இருந்தவர். படிகம் வளர்வதில் கண்ட ஒழுங்கையே குழந்தையின் வளர்ச்சியிலும் தேடினார். உருண்டை, கனசதுரம், உருளை, பிறகு பலவாகப் பிளக்கப்பட்ட கனசதுரங்கள், வண்ணத்தாள்கள் என்று அவர் வகுத்த வரிசைக்குப் 'பரிசுகள்' என்று பெயர். கட்டங்கள் கோடிட்ட மேசைமீது குழந்தை அவற்றை அடுக்க வேண்டும். ஒரே கட்டைகளைக் கொண்டு நாற்காலியையும் வீட்டையும் செய்யலாம், எண்களைக் கற்கலாம், வெறும் அழகுக்காக விண்மீன் போன்ற கோலங்களையும் அமைக்கலாம். ஒரு கட்டையும் வெளியே மிஞ்சக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் மீண்டும் முழுக் கனசதுரமாக வேண்டும். இத்தகைய பள்ளிகளை 1851-இல் பிரஷ்ய அரசு தடைசெய்தது என்பதை நினைத்தால், மரக்கட்டைகளுக்கும் அரசுகள் அஞ்சும் போலும்.

கண்காட்சி நடந்தபோது ரைட்டுக்கு ஒன்பது வயது. கிண்டர்கார்டனுக்கு முற்றிய வயதுதான். பிற்காலத்தில் தாம் பிறந்தது 1869 என்றே அவர் சொல்லிவந்தார். தம் வாழ்க்கைத் துண்டுகளையும் வேண்டியபடி நகர்த்தி வைத்துக்கொண்டவர் அவர். எனினும் அந்த மேப்பிள் கட்டைகளின் வழவழப்பு முதுமையிலும் விரல்களில் தங்கியிருந்ததாக அவர் சொல்வதை நம்பத் தோன்றுகிறது. கட்டடங்களே அதற்குச் சாட்சி.

சிகாகோவில் அவர் பயின்ற லூயி சல்லிவனின் அலங்காரம் கொடியும் இலையுமாகச் சுருண்டு படர்வது. ரைட் அந்தச் செடியை டி-ஸ்கொயருக்கும் முக்கோண மட்டத்துக்கும் உட்படுத்தினார். இயந்திரம் நேர்கோட்டையும் எளிய வடிவத்தையுமே நன்றாகச் செய்யும், கலைஞன் அதற்கேற்பச் சிந்திக்க வேண்டும் என்று 1901-இல் சிகாகோவின் ஹல் ஹவுஸில் அவர் உரையாற்றினார். கண்ணாடித் துண்டுகளை இணைக்கப் பழைய தேவாலயங்களில் வழங்கிய ஈயத்தை விட்டு, விறைப்பான துத்தநாகத்தையும் செம்பையும் பயன்படுத்தியதால் நீண்ட நேர்கோடுகள் அவருக்குக் கைகூடின. ஸ்பிரிங்ஃபீல்டின் டானா இல்லத்தில் (1902–04) சுமாக் என்ற செடி முழுவதும் கோணங்களாக மாறிச் சாளரங்களில் நிற்கிறது.

புதிர்க்காரர்கள் மிகவும் விரும்பும் சாளரம் 1912-ஐச் சேர்ந்தது. இல்லினாய் மாநிலத்து ரிவர்சைடில் கூன்லி குடும்பத்துக்காக அவர் கட்டிய சிறிய விளையாட்டுக்கூடம் அது. குழந்தைகளின் பள்ளியாகவும் பயன்பட்டது. அதன் சாளரங்களில் பலூன்களும் கொடிகளும் தூவிய வண்ணக் காகிதங்களும், ஓர் ஊர்வலம் கடந்துபோன கணம் போல, மேலெழுந்து நிற்கின்றன. ஃப்ரோபெலின் மாணவர் குழந்தைகளுக்குத் திருப்பித் தந்த பரிசு என்றே இதைச் சொல்வேன்.

பலூன்கள் அவரை விடவில்லை. 1925-இல் தாலியெசின் இல்லம் இரண்டாம் முறை தீக்கிரையாகிக் கடன் நெருக்கிய காலத்தில், லிபர்ட்டி என்ற வார இதழுக்கு மாதத்துக்கொன்றாக அட்டைகள் வரைந்தார். மார்ச் மாதத்துக்குப் பலூன்கள். வாசகர்களுக்கு ஒவ்வாத புதுமை என்று இதழ் அவற்றை ஏற்கவில்லை. இன்று அவை புதிராகப் பல வீட்டு மேசைகளில் கிடக்கின்றன.

ஜிக்ஸா புதிரின் முன்னோர் வேறு. 1760-களில் லண்டனின் ஜான் ஸ்பில்ஸ்பரி மரப்பலகையில் ஒட்டிய நிலப்படத்தை நாட்டெல்லைகளின்படி அறுத்துப் புவியியல் பாடமாக விற்றார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில், அட்டையை அச்சில் அழுத்தி வெட்டிய மலிவான புதிர்கள் வேலையற்ற அமெரிக்கர்களின் மாலைகளை நிரப்பின. ஃப்ரோபெலின் கட்டைகளுக்கு எண்ணற்ற விடைகள்; இதற்கு ஒன்றே ஒன்று. இந்த வேறுபாடு சிறியதன்று. நேர்வது நம் அசைவே அல்ல, வெட்டியவன் முன்பே ஆடிவைத்த அசைவு என்று 'வாழ்க்கை: ஒரு பயன்பாட்டுக் கையேடு' (1978) நாவலின் முன்னுரையில் ஜார்ஜ் பெரெக் வாதிடுகிறார். இயந்திரம் வெட்டிய அட்டைப் புதிர்களை அவர் மதிக்கவில்லை. ரைட்டின் படங்களில் மட்டும் அவர் கூற்றைச் சற்றுத் தளர்த்தலாம். இங்கே இரண்டு வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன: கண்ணாடியைப் பிரித்த ரைட்டின் நேர்கோடு, அட்டையைப் பிரித்த இயந்திரத்தின் வளைகோடு. கை இரண்டாவதைத் தேட, கண் முதலாவதைக் கற்கிறது. ஒரே சிவப்பு, ஒரே சதுரம் பத்து இடங்களில் வருவதால், கோடு எந்தப் பக்கம் எவ்வளவு தடித்து ஓடுகிறது என்று பார்த்தாலன்றித் துண்டு அமராது. சாளரத்தின் முன் ஒரு நிமிடம் நின்று நகரும் பார்வையாளர் இவ்வளவு பார்ப்பதில்லை.

இழப்பும் அங்கேயே இருக்கிறது. சாளரங்களை 'ஒளித்திரைகள்' என்றே ரைட் அழைத்தார். கூன்லி சாளரத்தின் பெரும்பகுதி நிறமற்ற கண்ணாடி. அதன் வழியே மரங்களும் வானமும் பலூன்களுக்கிடையே தெரிய வேண்டும் என்பதே ஏற்பாடு. வீட்டிலிருந்து சாளரத்தைப் பிரிக்கவே முடியாது என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவரின் சாளரங்கள் பின்னர் கழற்றப்பட்டன; முப்பெரும் பலகணி 1967-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தை அடைந்தது. அச்சுக்கு வரும்போது அந்த நிறமற்ற பகுதி வெறும் வெளிர்நிறமாகிவிடுகிறது. வண்ணத் துண்டுகளையெல்லாம் பொருத்திய பிறகு, பெட்டியில் கடைசியாக மிஞ்சுபவை ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாத அந்த வெண்துண்டுகள்தாம். ரிவர்சைடின் வானம் இருந்த இடம் அது.