கால்சியம் ஆக்சலேட்டுப் படிகமாதல்

கால்சியம் ஆக்சலேட்டுப் படிகமாதல் என்பது கரைசலில் உள்ள கால்சியம் அயனிகளும் ஆக்சலேட்டு அயனிகளும் இணைந்து திண்மமாகப் பிரிந்து வளரும் நிகழ்வு. ஒரு லிட்டர் தண்ணீரில் சில மில்லிகிராம் மட்டுமே கரையும் உப்பு இது. தான் பற்றிக்கொள்ளும் நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கைப்படி மூன்று வடிவங்களில் படிகமாகும். ஒன்று கொண்டது வெவெல்லைட். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்லின் பெயரால் வழங்குகிறது. இரண்டு கொண்டது வெடெல்லைட். அண்டார்க்டிக்காவை ஒட்டிய வெடெல் கடலின் அடிச்சேற்றில் கிடைத்ததால் அப்பெயர் பெற்றது. மூன்று கொண்ட வடிவம் அரிது. இவற்றுள் வெவெல்லைட்டே நிலைப்பு மிக்கது. வெடெல்லைட் நாளடைவில் அதுவாக மாறிவிடும். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இவ்வுப்பால் ஆனவை. சேம்பும் கருணையும் தொண்டையில் அரிப்பதற்கு அவற்றிலுள்ள இதே உப்பின் ஊசிப்படிகங்கள் ஒரு காரணம்.

தொடக்கம்

தாவரப் படிகங்களை முதலில் கண்டவர் 17ஆம் நூற்றாண்டின் நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹுக் எனப் பொதுவாகக் கூறுவர். 1776இல் சர்க்கரையிலிருந்து பெறப்பட்ட ஆக்சாலிக் அமிலமே புளியாரை இனச் செடியின் உப்பிலும் உள்ளது என்பதை 1784இல் வேதியியலாளர் ஷீலே காட்டினார். முசுக்கொட்டைப் பழம்போல் மேடுபள்ளமாக இருந்ததால் அப்பழத்தின் பெயரால் அழைக்கப்பட்ட சிறுநீர்ப்பைக் கல், கால்சியம் ஆக்சலேட்டு என்று 1797இல் வேதியியலாளர் வொல்லஸ்டன் அறிவித்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

இந்நூற்றாண்டில் கேள்வி கல்லிலிருந்து படிகத்துக்கு நகர்ந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மார்செட் 1817இல் வெளியிட்ட நூல், கற்களை வேதிமுறையில் பிரித்தறியும் வழிகளை விளக்கியது. முசுக்கொட்டைக் கல்லின் சிறு துண்டைச் சுடரில் நன்கு சுட்டால் அது முதலில் கார்பனேட்டாகிப் பின் சுட்ட சுண்ணாம்பாக எஞ்சும். ஒரு மணியளவு துண்டே இச்சோதனைக்குப் போதும்.

அதே மருத்துவமனையின் கோல்டிங் பேர்ட் 1842இல் சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். எண்முகப் படிகங்களையும், நடுவில் ஒடுங்கி இருபுறமும் உருண்ட கர்லாக்கட்டை போன்ற வடிவங்களையும் விவரித்தார். பின்னாள் நூல்கள் எண்முகத்தைக் கடித உறைக்கு ஒப்பிட்டன. மூலைக்கு மூலை ஓடும் இரு கோடுகளை ஒருமுறை கண்டவருக்கு அது மறக்காது. இப்படிகங்களை மனச்சோர்வோடும் செரிமானக் கோளாறோடும் பேர்ட் இணைத்த கருத்து நிலைக்கவில்லை.

ஒரே உப்பு ஏன் பல வடிவம் எடுக்கிறது என்பதற்கு விடை கோந்து போன்ற கூழ்மங்களில் தேடப்பட்டது. ஜார்ஜ் ரெய்னி 1850களில் கோந்துக் கரைசலில் கால்சியம் கார்பனேட்டை வளர்த்தபோது, முனைமுகம் உள்ள படிகங்களுக்குப் பதில் உருண்டைகள் கிடைத்தன. கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படம் வரைந்தவரும் பம்பாய் கிரான்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவருமான வான்டைக் கார்ட்டர், இக்கருத்தைச் சிறுநீர்க் கற்களுக்குப் பொருத்தி 1873இல் நூல் எழுதினார். கற்களைக் குறுக்கே அறுத்து மெல்லிய சீவல்களாக்கி, அடுக்கடுக்காக அவர் கண்டவை இன்றும் படிக்கத்தக்கவை. 1879இல் மில்லர் ஓர்ட், கூழ்மங்கள் ஆக்சலேட்டின் வடிவத்தையே மாற்றுவதைச் சோதனைகளால் விளக்கினார். உடன் இருக்கும் பிற பொருள்களே படிகத்தின் போக்கை வகுக்கின்றன என்ற எண்ணம் இங்கே வேர்பிடித்தது.

இருபதாம் நூற்றாண்டு

முற்பாதியில் குறிப்பிடத்தக்கது, சிறுநீரகக் காம்புகளில் கல் ஒட்டி வளரும் வெண்திட்டுகளை 1937இல் ராண்டல் விவரித்தது.

கல் இல்லாதவரின் சிறுநீரும் பெரும்பாலும் மீதெவிட்டிய நிலையிலேயே, அதாவது கரையக்கூடிய அளவுக்கு மேல் உப்பு கரைந்த நிலையிலேயே, இருக்கிறது என்பது 1960களின் பிற்பகுதி அளவீடுகளில் தெளிவானது. தெவிட்டுநிலையைக் கடந்தும் படிகக் கரு உருவாகாத இடைப்பட்ட எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால்தான் படிகம் தானாகத் தோன்றும். நான்கொலாஸ் குழுவினர் 1970களில் மீதெவிட்டிய கரைசலில் வித்துப் படிகங்களை இட்டு வளர்ச்சியை அளந்தனர். வேகம் மீதெவிட்டு அளவின் இருமடியைச் சார்ந்திருந்தது. எனவே வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது அயனிகள் வந்துசேரும் வேகமன்று, அவை படிகப் பரப்பில் பொருந்தும் வேகமே என்று கொள்ளப்பட்டது.

தனித்து மிதக்கும் படிகம் சிறுநீரகக் குழலை அடைக்கும் அளவுக்கு வளர நேரம் போதாது, எனவே அது சுவரில் ஒட்டிக்கொண்டே வளர வேண்டும் என 1978இல் ஃபின்லேசனும் ரீடும் கணக்கிட்டனர். படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் போதும் எனப் பிற்காலத்தார் சிலர் மறுத்தனர். இரண்டு வழிகளும் நிகழக்கூடும் என்பதே பலரின் நிலை.

அண்மைக்காலம்

அணுவிசை நுண்ணோக்கி வழியாகப் படிகப் பரப்பின் படிகள் ஒவ்வொன்றாக முன்னேறுவதைக் காண முடிந்தது. சிட்ரேட்டும் ஆஸ்டியோபான்டின் என்ற புரதமும் வெவ்வேறு முகங்களில் ஒட்டிப் படிகளைத் தடுக்கின்றன என 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. படிகத்துக்கு முன் உருவமற்ற திண்மம் தோன்றுகிறதா என்பது சூழலைப் பொறுத்தது எனத் தோன்றுகிறது. மீன்குழம்புக்குப் புளிப்பேற்றும் குடம்புளியில் உள்ள ஹைட்ராக்சிசிட்ரேட், மீதெவிட்டிய கரைசலிலேயே படிகத்தைக் கரைக்கக்கூடும் என 2016இல் ஒரு குழு அறிவித்தது. இது ஆய்வகக் கண்டறிதல், மருந்தாகக் கொள்ளத்தக்கதன்று.