நேதாஜி சாவை ஏன் பலர் நம்பல?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி. இந்தப் பக்கம் முழுக்க வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறிய ராமநாதபுரம் சீமை. அப்படிப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தாங்க.

1945 ஆகஸ்ட் 18, தைவானில் விமான விபத்து. நேதாஜி இறந்துட்டார்னு ஐந்து நாள் கழித்து ஜப்பான் அறிவிச்சது. நாடே ஒரே குரலில் அழுததா? இல்ல. ஜப்பானின் கைப்பாவைன்னு போர்க்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி அவரை ஏசியிருந்தது. காந்தியோ முதலில் சாவையே நம்பல. 1946 மார்ச்சில்தான் மனசை மாத்திக்கிட்டார்.

இந்தப் பக்கம் பெரிய குரல் முத்துராமலிங்கத் தேவர். ஃபார்வர்ட் பிளாக் தலைவர். 1952லயும் 1962லயும் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயிச்சவர். நேதாஜி உயிரோட இருக்கார், நானே சந்திச்சேன்னு சொன்னார். 1956ல் ஷா நவாஸ் கான் குழு கேட்டப்போ ஆதாரத்தை வெளியிட மறுத்துட்டார். விபத்து உண்மைன்னு குழு முடிவு செஞ்சது. குழுவில் இருந்த நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் அதை ஏத்துக்கல.

கூடப் பயணம் செய்த ஹபிபுர் ரஹ்மானின் சாட்சியம் விபத்தைத்தான் சொல்லுது. எனக்கும் அதுதான் வலுவாத் தெரியுது. ஆனா நம்பாதவங்களை முட்டாள்னு தள்ளிட முடியல. உடல் ஊர் வந்து சேரல. தலைவர் செத்துட்டார்னு ஒத்துக்கிட்டா, அவரோட போய் திரும்பாத மகனுக்கும் சேர்த்துக் காரியம் செய்யணுமே. அதை எந்தத் தாய் முதல்ல செய்வா?