சாலார் ஜங் அருங்காட்சியகம்

சாலார் ஜங் அருங்காட்சியகம் ஐதராபாத்தில் மூசி ஆற்றின் தென்கரையில், தாருஷ்ஷிஃபா பகுதியில் உள்ளது. நிஜாம்களுக்குத் திவான்களாகப் பணியாற்றிய குடும்பமொன்று மூன்று தலைமுறைகளாகத் திரட்டிய பொருள்களே இதன் அடித்தளம். அவற்றில் பெரும்பகுதியைச் சேர்த்தவர் மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுஃப் அலி கான் (1889–1949). 1912இல் திவானாகி 1914இல் பதவி விலகிய அவர், பின்னர் தம் வாழ்நாளையும் செல்வத்தையும் கலைப்பொருள்களுக்கே அளித்தார். மணமாகாமல் அவர் மறைந்த பின், அவர் வாழ்ந்த திவான் தேவ்டி அரண்மனையே அருங்காட்சியகமானது. ஜவாகர்லால் நேரு 1951 டிசம்பர் 16 அன்று அதைத் திறந்துவைத்தார். 1961ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1968இல் சேகரிப்பு இன்றைய கட்டடத்துக்கு மாற்றப்பட்டது.

இந்த மாற்றம் பொருள்களைக் காப்பாற்றியது. அவற்றுக்குப் பொருள் தந்த வீட்டைக் கைவிட்டது. இத்தாலியச் சிற்பி ஜொவான்னி மரியா பென்சோனியின் ‘முக்காடிட்ட ரெபெக்கா’ பளிங்குச் சிலையை முதலாம் சாலார் ஜங் 1876இல் ரோம் நகரில் வாங்கினார். தனிக்கூடத்தில் அது ஐரோப்பியக் கைத்திறனின் சான்று. அரண்மனையிலோ, நிஜாம் அரசின் வருவாய் நிர்வாகத்தைச் சீர்திருத்திய ஒரு திவான் உலகை எப்படிப் பார்த்தார் என்பதற்கும் அதுவே சான்றாக இருந்திருக்கும். பாரசீகக் கம்பளம், சீனப் பீங்கான், அரபுச் சுவடி, இசைக் கடிகாரம் ஆகியவை இன்று நாடுவாரியாகவும் வகைவாரியாகவும் பிரிந்து நிற்கின்றன. இவற்றை ஒன்றாக்கியது ஒரே குடும்பத்தின் விருப்பமும் செல்வாக்கும்தான். அதை நேரில் காட்டியிருக்கக்கூடிய திவான் தேவ்டியின் பெரும்பகுதி பின்னாளில் இடிக்கப்பட்டது. வாயில்கள் போன்ற சில எச்சங்களே தப்பின.

நெருக்கமான பழைய நகரில், பழைய மண்டபங்களில் இத்தனை பொருள்களையும் பெருங்கூட்டத்தையும் வைத்துக் காப்பது கடினம் என்பது நியாயமான வாதம். ஆனால் புதுக் கட்டடம் தேவைப்பட்டது என்பதாலேயே பழையது அழியவேண்டும் என்றாகாது. வெனிஸ் நகரின் கா பெசாரோ, பெசாரோ குடும்பத்துக்காக எழுந்த அரண்மனை. பின்னாளில் அதன் உரிமையாளரான ஃபெலிசிதா பெவிலாக்வா லா மாசா அதை நகருக்கு எழுதிவைத்தார். 1902 முதல் நவீன கலைக்கூடமாக விளங்கும் அங்கே, அரண்மனையும் ஓவியங்களும் ஒருசேரப் பார்வைக்கு உள்ளன. அது வெளிநாட்டு வசதி என்று ஒதுக்கவும் முடியாது. ஐதராபாத்திலேயே நிஜாம்களின் சௌமகல்லா அரண்மனை புதுப்பிக்கப்பட்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது.

பிரபுக்களின் மாளிகையை மக்களாட்சி எதற்காகப் பேணவேண்டும் என்ற கேள்வியும் எழலாம். பேணுவது போற்றுவதாகாது. வீட்டிலிருந்து பிரிந்த பொருள் தன் அழகை மட்டுமே காட்டுகிறது. அதை வாங்கிய செல்வம் எவருடைய உழைப்பிலிருந்து, எந்த அதிகாரத்தால் வந்தது என்று கேட்கத் தூண்டுவது வீடு. ஆகவே திவான் தேவ்டியின் எச்சங்களையும் இந்த அருங்காட்சியகத்தின் காட்சிப்பொருள்களாகவே கருதிக் காப்பதுதான் முறை.