இடுப்புக் கருவி எண்ணாத உழைப்பு: குமரி மாவட்டச் சிறாரின் உடலியக்கத்தை அளத்தல்

'நேற்று எத்தனை நிமிடம் விளையாடினாய்?' என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும்; தாயைக் கேட்டாலும் தெரியாது. வினாத்தாளின் இக்குறையைத் தீர்க்கவே இடுப்பில் கட்டும் முடுக்கமானி ஆய்வுக்குள் வந்தது. மைசூருச் சிறாரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. குமரி மாவட்டத்தில் அக்கருவியை மட்டும் நம்பினால், நம் பிள்ளைகள் உள்ளதைவிடச் சோம்பேறிகளாகத் தெரிவார்கள் என்பதே என் வாதம்.

கருவி அளப்பது உடல் குலுங்குவதை, உழைப்பை அல்ல. குலுங்கலை எண்ணிக்கையாக்கி, ஒரு வரம்பைத் தாண்டினால் 'மிதமான இயக்கம்' என்கிறோம். அந்த வரம்பு யார் போட்டது? பரவலாகக் கையாளப்படும் எவன்சன் குழுவின் வரம்பு (2008) நிமிடத்துக்கு 2296. அது 5 முதல் 8 வயது வரையிலான 33 அமெரிக்கச் சிறாரிடம் கண்டது. 2002இல் புயாவ் குழு வைத்த வரம்போ 3200. நிமிடத்துக்கு 2800 காட்டும் பிள்ளை ஒரு கணக்கில் தேறும், மற்றதில் தவறும். வரம்பைப் போலவே, எண்ணிக்கையை எத்தனை விநாடித் துண்டுகளாகக் கூட்டுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். சிறாரின் கடும் ஓட்டம் பெரும்பாலும் சில விநாடிகளே நீடிக்கும் என்று பெய்லி குழு 1995இலேயே காட்டியது. அதை ஒரு நிமிடத் துண்டில் சராசரியாக்கினால் ஓட்டம் கரைந்துபோகும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஊர்க்குளத்தில் நீந்தும் பையன் கருவியைக் கழற்றி வைத்துவிட்டே இறங்குவான். நீர்புகாக் கருவி இருந்தாலும், மிதக்கும் உடலின் இடுப்பசைவு அவன் உழைப்பைச் சொல்லாது. பிளஸ் ஒன்னில் கிடைத்த இலவச சைக்கிளை மேட்டில் மிதிக்கும் பெண்ணின் இடுப்பு இருக்கையில் கிடக்கிறது. கருவிக்கு அவள் உட்கார்ந்திருப்பவள்தான். சிலம்பம் சுற்றுபவனின் உழைப்பில் பெரும்பகுதி தோளிலும் மணிக்கட்டிலும். கடற்கரை ஊர்களிலோ கால்பந்து மணலில் நடக்கிறது. மணலில் நடப்பதற்குக் கட்டாந்தரையில் நடப்பதைப் போல இரு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும் என்று 1998இல் லெஜூன் குழு அளந்து சொன்னது. முடுக்கமானிக்கு மணலும் தெரியாது, மேடும் தெரியாது, இடுப்பில் ஏற்றிய தண்ணீர்க் குடமும் தெரியாது.

பிழை எல்லாருக்கும் பொதுதானே, ஒப்பீட்டுக்குப் போதாதா என்று கேட்கலாம். போதாது. பிழை பொதுவானதல்ல. குளத்தில் குதிப்பவர் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். குடம் சுமப்பவர் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். மணல் கடலோரத்துக்கு, மேடு பேச்சிப்பாறைப் பக்கத்துக்கு. ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டத்தில், ஒரு வாரம் அளந்துவிட்டு ஆண்டு முழுவதையும் பேச முடியாது. பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்ளும் தேர்வு மாதத்தில் அளந்தால் கதையே வேறு.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் 5 முதல் 17 வயதினருக்குச் சொன்ன நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட இயக்கம் நல்ல இலக்குதான். ஆனால் இடுப்புக் கருவியின் ஒற்றை எண்ணைக் கொண்டு இம்மாவட்டப் பள்ளிகளுக்கு மதிப்பெண் போடக் கூடாது. தொடையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று எனக் கட்ட வேண்டும். கழற்றிய நேரத்தையும் காரணத்தையும் பிள்ளையே எழுதும் குறிப்பேடு வேண்டும். பிற்காலத்தார் மறுபடி கணக்கிட மூலத்தரவைப் பேண வேண்டும். எந்த வரம்பு, எத்தனை விநாடித் துண்டு, எந்த மாதம் என்று எழுதாத கட்டுரையை இதழாசிரியர்கள் தயங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.