கியூவில் பிறந்த ஆப்ஜெக்ட்

புனேயில் எங்கள் கிளைக்குக் கல்விக் கடன் கேட்டு வரும் இன்ஜினியரிங் பிள்ளைகளிடம், 'ஆப்ஜெக்ட் என்றால் என்ன?' என்று கேட்பேன். இலக்கணம் ஒப்பிப்பார்கள், எதற்காகப் பிறந்தது என்றால் முழிப்பார்கள்.

பி.காம். காரன் சொல்கிறேன், கியூவை ஆராயப் போய்ப் பிறந்தது அது!

1960களில் ஆஸ்லோவில், நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய மொழி சிமுலா. வருபவர், கவுன்டர், காத்திருப்பு என நிஜ உலகைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதே நோக்கம். 'சிமுலா 67'-இல் கிளாஸ், ஆப்ஜெக்ட், சப்கிளாஸ் எல்லாம் வந்தாயிற்று. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக அதைப் பயன்படுத்திய பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரூப், 1979-இல் சி மொழியோடு கிளாஸைச் சேர்க்கத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் சி பிளஸ் பிளஸ்.

ஆகவே தம்பி தங்கைகளே, கீபோர்டைத் தொடுமுன் கியூவைப் பாருங்கள். யார் எதற்குக் காத்திருக்கிறார், யாரிடம் என்ன விவரம் இருக்கிறது? அதை எழுதினாலே பாதி டிசைன் ரெடி.