முதல் வாய்ப்பும் முதிர்ந்த அடக்கமும்

தொழிலில் புதிதாக அடியெடுத்து வைத்த கலைஞனுக்குப் பெரிய வாய்ப்பொன்று கிட்டுமானால், தன் திறமை முழுவதையும் அதிலேயே காட்டிவிடும் ஆவல் எழுவது இயல்பே. அந்த ஆவலை வென்ற இளைஞர் ஒருவரின் வரலாறு அகமதாபாத்தில், சபர்மதி ஆற்றங்கரையில், செங்கல்லும் ஓடுமாக நிற்கிறது.

சார்லஸ் கொரியா 1930-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் கட்டடக்கலை பயின்று தாயகம் திரும்பிய அவர், 1958-இல் பம்பாயில் தனியே தொழில் தொடங்கினார். முப்பது வயதுகூட நிரம்பாத அவரிடம், சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளுக்கு நினைவு அருங்காட்சியகம் அமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது.

பணி பெரிது, அதிலிருந்த இடர்ப்பாடும் பெரிது. 1930-இல் தண்டி யாத்திரைக்குப் புறப்படும்வரை அண்ணல் வாழ்ந்த ‘ஹிருதய குஞ்சம்’ என்னும் எளிய ஓட்டு வீடு அருகிலேயே இருக்கிறது. அதன் பக்கத்தில் வானளாவிய பளிங்கு மண்டபம் எழுப்பினால், அது அண்ணலைப் போற்றுவதாகுமா?

கொரியா அந்த வீட்டையே ஆசானாகக் கொண்டார். ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தை அளவாக வகுத்தார். செங்கல் தூண்களின்மீது ஓட்டுக் கூரை வேய்ந்தார். சில சதுரங்களை அறைகளாக்கினார். சிலவற்றைச் சுவரின்றி விட்டார். நடுவே வானம் பார்த்த நீர்முற்றம் ஒன்றை அமைத்தார். சாளரங்களுக்குக் கண்ணாடி இல்லை. மரச் சட்டங்களின் வழியே காற்றும் ஒளியும் புகுகின்றன. கூரையில் விழும் மழைநீரை உத்தரங்களே வாங்கி வெளியேற்றுகின்றன.

இவ்வமைப்பில் மற்றொரு நன்மையும் உண்டு. அண்ணலின் கடிதங்களும் புகைப்படங்களும் பெருகப் பெருக, மேலும் சில சதுரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கிராமத்தில் வீட்டோடு வீடு சேர்வதுபோலக் கட்டடமும் வளரும், அழகு குன்றாது.

1963-இல் பிரதமர் நேரு இதனைத் திறந்து வைத்தார். பின்னர்க் கொரியா உலகப் புகழ் பெற்றார். 1984-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கமும், 2006-இல் பத்ம விபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 2015-இல் அவர் மறைந்தார்.

குஜராத்துக்குச் செல்லும் தமிழன்பர்கள் அந்த நீர்முற்றத்தின் ஓரத்தில் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். நம் ஊர் ஓட்டு வீட்டு முற்றம் நினைவுக்கு வரும். காந்தியடிகளும் நினைவுக்கு வருவார். கட்டியவரின் நினைவு கடைசியாகத்தான் வரும். அந்த இளங்கலைஞர் பெற்ற முதல் வெற்றி அதுவே.