யார் வீட்டுப் பிள்ளை?

சேவுகம்பட்டியில் என் சிறு பிராயத்தில் ஓர் ஓட்டப் பந்தயம் நடந்தது. ஜெயித்தவன் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்த அசலூர்ப் பையன். தோற்றிருந்தால் அவனை யாரும் சீந்தியிருக்கமாட்டார்கள். ஜெயித்துத் தொலைத்தானே! "எங்க ஊருச் சோத்துல ஓடுன காலு" என்றார்கள் சேவுகம்பட்டிக்காரர்கள். "பெத்தது நாங்கல்ல!" என்று தகப்பன் ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து நின்றார்கள். பையனை ஒருவரும் கேட்கவில்லை.

நார்மன் பிரிச்சார்டின் சங்கதியைப் படிக்கிறபோதெல்லாம் அந்தப் பையன்தான் என் கண்முன் வந்து நிற்கிறான்.

பிரிச்சார்ட் 1875-இல் கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது அவ்வூர் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில். 1894 முதல் 1900 வரை, ஏழு வருஷமும் வங்காளத்தின் நூறு கஜ ஓட்டத்தில் அவர்தான் முதல். கால்பந்திலும் சூரர். 1900-ஆம் வருஷக் கோடையில் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே சாம்பியன் பந்தயத்தில் 120 கஜத் தடை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். அந்தச் சூட்டோடு பாரிஸ் ஒலிம்பிக்.

அந்த ஒலிம்பிக்கை இன்றைய ஒலிம்பிக் மாதிரி நினைத்துவிடக் கூடாது. உலகப் பொருட்காட்சியோடு ஒட்டுப் போட்ட விழா அது. பந்தயம் நடந்த இடம் மரங்கள் அடர்ந்த பூங்கா; ஓடுவது புல்தரையில். அதில் பிரிச்சார்ட் ஐந்து பந்தயங்களில் இறங்கினார். 200 மீட்டர் தடை ஓட்டத்தில் அமெரிக்கரான கிரென்ஸ்லைனுக்கு அடுத்த இடம். 200 மீட்டர் ஓட்டத்தில் டியூக்ஸ்பரிக்கு அடுத்த இடம். ஆக, இரண்டு வெள்ளி.

வினை எங்கே முளைத்தது என்றால், தேசத்துக்கொரு சங்கம் ஆள் அனுப்பும் முறை அப்போது இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்ததே 1927-இல்தான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அவ்விரு பதக்கங்களையும் இந்தியாவின் கணக்கில் வைத்திருக்கிறது. லண்டன் பந்தயத்துக்குப் பிறகு பிரிட்டன் தரப்பில் ஓடியவர் என்பது ஆங்கிலேய ஆராய்ச்சிக்காரர்களின் வாதம். 2005-இல் சர்வதேசத் தடகள சம்மேளனமும் தன் புள்ளிவிவரப் புத்தகத்தில் அவரைப் பிரிட்டன் பக்கம் எழுதிவிட்டது. அதை ஒப்புக்கொண்டால் தடகளத்தில் நம்முடைய முதல் ஒலிம்பிக் பதக்கம், 2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து பெற்ற தங்கம் என்றாகும். நூற்றிருபத்தோரு வருஷம் தள்ளிப் போகிறது, ஐயா!

என்னைக் கேட்டால், கல்கத்தாவில் ஓடிப் பழகிய கால் கல்கத்தாக் கால்தான். ஆனால், "1900-இல் அந்தக் கல்கத்தாவே யாருடையது?" என்று லண்டன்காரர் திருப்பிக் கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிரிச்சார்ட் கல்கத்தா திரும்பி, கால்பந்துச் சங்கத்துக்குக் காரியதரிசியாக இருந்தார். 1905-இல் இங்கிலாந்து, பிறகு அமெரிக்கா. நாடக மேடை ஏறி, ஹாலிவுட் பேசாப் படங்களுக்குப் போனார். 1926-இல் வந்த 'போ ஜெஸ்ட்' படத்தில் பிரெஞ்சு ராணுவ மேஜராக வருகிறவர் அவர்தான். படத்தில் பிரிச்சார்ட் என்று தேடினால் கிடைக்கமாட்டார்; நடிப்புக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் நார்மன் டிரெவர். 1929 அக்டோபரில் கலிபோர்னியாவில் காலமானார்.